கட்டின காலும் கட்டின காசும்

ஏலே மருமவனே, மைசூர் எக்ஸ்பிரஸ்ல பெங்களூரு போயிட்டு வந்த களைப்பு ஒம் மூஞ்சியில தெரியுது. சட்டைப் பை தட்டையா இருக்கதும் தெரியுது. ஒங்கம்மா கேட்டா 'துறைமுகத்துல ராத்திரி சோலி'ன்னு சொல்லுவ, அவளும் நம்புவா. எங்கூடப் பொறந்தவதான். அவளுக்குக் கூறு இருந்திருந்தா எம் மச்சானையா கட்டியிருப்பா?

சரி, உக்காரு. நீ கேட்ட கேள்வி என்ன? ஓடப்போற குதிரை கால்ல கட்டுப் போட்டிருந்தா அதுமேல துட்டுக் கட்டலாமா, கூடாதா. ஒனக்கு ஒரு கால்கட்டப் போட்டுறணும்னு சாத்தான்குளம் வரைக்கும் போயி வீட்ல பொண்ணு பாக்காவ. நீ குதிரையோட கால்கட்டப் பாத்துக்கிட்டு அலையுத. இருக்கட்டும். நான் தூத்துக்குடி ஸ்டேஷன் வாசல்ல ஜட்கா ஓட்டினவன். கொஞ்ச நாள் கிண்டி லாயத்துல லத்தியும் அள்ளினவன். கேலரியில நின்னு கத்துதவனுக்குத் தெரியாதது லத்தி அள்ளுதவனுக்குக் கொஞ்சம் தெரியும். முழுசாத் தெரியும்னு நான் சொல்லல. முழுசாத் தெரிஞ்சவன் லத்தி அள்ளிக்கிட்டா இருப்பான்?

மொதல்ல காலப் பாரு, கட்ட அப்புறம் பாக்கலாம். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழ சதையே கிடையாது. எலும்பு, தசைநாண், மேல தோலு, அவ்வளவுதான். தசைநாண்னு டாக்டர் சொல்லுவாரு, லாயத்துல எல்லாமே நரம்புதான். பந்தயக் குதிரை 450, 500 கிலோ இருக்கும். சும்மா நிக்கும்போதே அதுல 100-க்கு 60 பங்கு முன்னங்கால் ரெண்டும்தான் சொமக்கு. பாய்ச்சல்ல ஒரு கணம் ஒத்தக் கால்தான் தரையில இருக்கும். அந்தக் கணத்துல அந்தக் காலு தாங்குதது ஒடம்பு எடையப்போல ரெண்டு மடங்குக்கும் மேல. ஒரு டன்னக் கூட்டித்தான் சொல்லணும். நீ கன்டெயினர் கணக்கு எழுதுதவன்லா, ஒரு டன்னுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியும். அந்தப் பாரத்த ரெண்டு கெசத் துணி தாங்கிப் பிடிச்சிரும்னு எந்த மூதி ஒனக்குச் சொன்னான்?

துணி பாரந் தாங்காது. அது செய்யுத சோலி வேற. ஓடுத வேகத்துல பின்னங்குளம்பு முன்னங்கால்ல இடிக்கும், இல்லன்னா ஒரு காலு மத்தக் காலச் சீவிரும். அந்த அடிய வாங்கிக்கத் துணி வேணும். பாய்ச்சல்ல பின்னங்கால் கணு தரை வரைக்கும் தாழும். மணல் தரைன்னா ஒரசி ஒரசித் தோலு வெந்து போவும், அதுக்கு அந்த எடத்துல ஒரு கட்டு. பழைய வீக்கம் கண்ட நரம்பா இருந்தா, இறுக்கிப் பிடிச்சு வைப்போம்னு ஒரு கட்டு. இதுல கடைசியாச் சொன்னது இருக்கு பாத்தியா, அதுல பாதி வைத்தியம், பாதி சாமி கும்புடுதது. ஓட்டத்துல அந்த நரம்புக்குள்ள சூடு 45 டிகிரி வரைக்கும் ஏறும்னு வெளிநாட்டு டாக்டர்மாரு அளந்தே பாத்திருக்காவ. அந்தச் சூட்டுமேல துணியச் சுத்தினா சூடு எங்கன போவும்? கட்டத் தெரியாத பய இறுக்கிக் கட்டினா, ஒண்ணுமில்லாத நல்ல காலும் கட்டாலயே வீங்கும். மழை பேஞ்ச தரையில துணி தண்ணியக் குடிச்சுக் கனக்கும். ஹாண்டிகேப் போடுதவன் குதிரை முதுகுல ஏத்துத எடைய அரைக் கிலோ அரைக் கிலோவாக் கணக்குப் பாக்கான். காலு குடிக்குத தண்ணிய எவன் எழுதுதான்?

ஆக, குதிரை கால்ல துணி இருந்தா நாலு காரணம் இருக்கலாம். நீ பாத்தது துணிய. காரணத்தப் பாக்கல. அதுக்குள்ளயே கையி சட்டைப் பைக்குப் போயிருது.

நீ படிச்ச அந்த அமெரிக்கப் புத்தகத்துல முன்னங்கால் கட்டுன்னா ஒதுங்கிப் போன்னு எழுதியிருக்குன்னு சொன்ன. அவன் எழுதினது தப்பில்ல, அவன் ஊருக்கு. அங்க டெய்லி ரேசிங் ஃபார்ம்னு ஒரு பத்திரிகை, 1894-ல ஆரம்பிச்சது. முன்னங்கால்ல கட்டோட ஓடின குதிரைக்குப் பக்கத்துல எஃப்-னு ஒரு சின்ன எழுத்தப் போட்டுருவான். ஆஸ்திரேலியாவுல கண்பட்டை மாறினாச் சொல்லுத மாதிரி, முன்னங்கால் கட்டு மொத தடவை ஏறினாலும் ஜனத்துக்கு முன்கூட்டிச் சொல்லிருவான். அப்படி ஒரு வழக்கம் இருக்க ஊர்ல, போன ஓட்டத்துல இல்லாத கட்டு இந்த ஓட்டத்துல ஏன் வந்துதுன்னு யோசிக்கதுல ஞாயம் இருக்கு. அதுலயும் அமெரிக்காவுல பெரிய பந்தயமெல்லாம், கென்டக்கி டெர்பி முதக்கொண்டு, மண் தரையில ஓடுதது. பெங்களூருலயும் கிண்டியிலயும் பந்தயத் தரை புல்லு. மண் தரைக்கு எழுதின சட்டத்த எடுத்துட்டு வந்து புல்லுத் தரையில வச்சுப் பாக்க. தேரி மணல்ல தண்ணி பாச்சுத கணக்க வச்சு ஆத்தூர் வயலுக்கு மடை தொறப்பியோ?

இன்னொன்னு அந்தப் புத்தகத்துலயே இருக்கும், நீ அந்தப் பக்கத்தத் தாண்டியிருப்ப. அந்த ஊர்ல சில பந்தயத்துல ஓடுத குதிரை எல்லாத்துக்கும் விலை முன்னாடியே எழுதியிருக்கும். ஓட்டத்துக்கு முன்ன எவனாவது சீட்டெழுதிப் போட்டா, ஓடி முடிச்சதும் குதிரை அவனுக்கு. இப்ப நீதான் குதிரைக்காரன்னு வச்சுக்கோ. குதிரை நல்லாருக்கு, ஆனா இந்தப் பந்தயத்துல ஓட்டினாத்தான் ஜெயிக்கும், பரிசும் வேணும். குதிரை கையவிட்டுப் போவவுங் கூடாது. என்ன செய்வ? ரெண்டு முன்னங்காலயும் துணியச் சுத்தி, கொஞ்சம் முகத்தயும் தொங்கப் போட்டுக்கிட்டு நடத்திட்டுப் போவ. வாங்க வந்தவன் 'ஐயோ, காலு போச்சு போலருக்கே'ன்னு சீட்டக் கிழிச்சுப் போடுவான். அதே ஆளு, காலு நெசமாவே போன குதிரைய விக்கணும்னா கட்ட அவுத்துட்டுப் பளபளன்னு தேச்சுக் கொண்டாருவான். ரெண்டயும் அங்க உள்ளவனே எழுதி வச்சிருக்கான். இப்பச் சொல்லு: கட்டு இருந்தாப் பயப்படணுமா, இல்லாட்டா பயப்படணுமா?

குதிரை விக்கவன் சூட்சுமம் நம்ம கரைக்கு என்ன புதுசா? எந்த மண்ணுல உக்காந்து கேக்கன்னு தெரியாமயே கேக்க. பழையகாயல்லே இது! எழுநூறு வருசத்துக்கு முன்ன, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல, அரபுக் குதிரை வந்து எறங்கின தொறை இதான்னு கால்டுவெல் ஐயா சொல்லிட்டுப் போயிருக்காரு. ஹோர்முஸ், கிஷ், ஏடன்னு எங்கெங்க இருந்தெல்லாமோ கப்பல்ல குதிரை வந்துது. வஸ்ஸாஃப்னு பாரசீகத்து ஆளு ஒருத்தன் கணக்கு எழுதி வச்சிருக்கான். கிஷ் தீவு வியாபாரி ஒருத்தர் மட்டும் வருசத்துக்கு 1,400 குதிரை அனுப்பணும்னு ஒப்பந்தம். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். அடுத்தாப்ல எழுதியிருக்கதக் கேளு: வழியில கடல்ல செத்துப் போன குதிரைக்கும் பாண்டியன் அதே விலையக் கொடுத்துரணும்! காலு சரியா, கட்டு இருக்கா, ஒண்ணும் பாக்க வேண்டாம். குதிரையே இல்ல, துட்டு மட்டும் போவுது. மருமவனே, அந்தக் காலத்துலயே ஒனக்கு மூத்தவன் ஒருத்தன் இங்க இருந்திருக்கான், அவன் தலையில கிரீடம் இருந்துது, அதான் வித்தியாசம்.

எறங்கின குதிரையாவது பொழைச்சுதா? 1290-கள்ல இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்லுதான்: ராசா வருசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாங்குவாரு, அண்ணன் தம்பிமாரும் அதே அளவு வாங்குவாவ, வருசக் கடைசியில மொத்தத்துல நூறு மிஞ்சாதாம். வஸ்ஸாஃப் காரணத்தயும் எழுதியிருக்கான். கொண்டாந்ததும் நாப்பது நாளு முளையில கட்டிப் போட்டு, நெய்யில வேவிச்ச தானியமும் காய்ச்சின பாலும் ஊட்டிக் கொழுக்க வச்சிட்டு, அப்புறம் பழக்காமக் கொள்ளாம மேல ஏறி விரட்டுவாவளாம். காலு என்னத்துக்கு ஆவும்? போலோ சொல்லுதது அதுக்கும் மேல. குதிரை வைத்தியம் தெரிஞ்சவன், லாடம் அடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இந்தப் பக்கம் வந்துராமப் பாத்துக்கிட்டதே அந்த வியாபாரிமாருதானாம். குதிரை செத்தாத்தான அடுத்த வருசம் அடுத்த கப்பல் வரும்? குதிரைக் காலப் பத்தித் தெரிஞ்சவன் ஒருத்தன், துட்டுக் கொடுக்கவன் இன்னொருத்தன். இந்தக் கரையில இது ரொம்பப் பழைய ஏற்பாடு.

குதிரைய விடு. முத்துச் சிப்பி ஏலம் ஒனக்குத் தெரியாது, ஒங்கப்பனுக்கும் தெரியாது, நான் பையனா இருக்கப்போ பெருசுக சொல்லக் கேட்டிருக்கேன். தூத்துக்குடியில கடைசியாச் சலாபம், அதான் முத்துக்குளிப்பு, நடந்தது 1961-ல. அதுக்கப்புறம் கடலுக்கடியில நம்ம சிப்பிப் பார்ல அப்படிச் சிப்பி வெளையல. முத்துக்குளிச்சுக் கொண்டாந்த சிப்பியத் தொறக்க மாட்டாவ. மூடினது மூடினபடியே ஆயிரம் ஆயிரமா ஏலம் போடுவாவ. எடுத்தவன் அதக் காய வச்சு, அழுவ வச்சு, ஈ மொய்க்க, நாத்தத்துல நின்னு கழுவிப் பாக்கணும். முத்து இருந்தா அவனுக்கு, இல்லன்னா நாத்தம் மட்டும் அவனுக்கு. வெள்ளைக்காரன் கெட்டிக்காரன், சலாபத்துக்கு முன்னயே கொஞ்சம் சிப்பிய மாதிரிக்கு எடுத்துத் தொறந்து, முத்த மதிப்புப் போட்டு, ஆயிரத்துக்கு இன்ன விலை தேறும்னு சொல்லிருவான். அந்தக் கணக்கு பொய்யில்ல, அந்தப் பாருக்கு மொத்தமாப் பாத்தா சரியாத்தான் வரும். ஆனா ஒங் கையில இருக்க சிப்பிக்குள்ள முத்து இருக்கான்னு அது சொல்லாது. கட்டுப் போட்ட குதிரை ஆயிரத்த எடுத்துக்கிட்டு, கட்டுப் போடாத ஆயிரத்தோட ஓட்டிப் பாத்தா ஏதாவது ஒரு வித்தியாசம் தெரியத்தான் செய்யும், நான் இல்லங்கல. ஞாயித்துக்கெழமை மூணாவது ஓட்டத்துல நீ பாக்கது ஒத்தக் குதிரைய. அது மூடின சிப்பி.

முழிக்காத. ஒண்ணுமே பாக்க வேண்டாம்னா சொன்னேன்? பாரு, பாக்க வேண்டியதப் பாரு. ஓட்டத்துக்கு முன்ன பேடக்குல குதிரைய வட்டமா நடத்துவான்லா, அங்க போயி நில்லு. நீ என்ன செய்யுத, அந்த நேரத்துல டீக்கடையில நின்னு டிப்ஸ் சொல்லுதவன் வாயப் பாத்துக்கிட்டு இருக்க. அவனுக்குத் தெரிஞ்சா அவன் ஏன் ஒங்கிட்ட டீ வாங்கிக் குடிக்கான்? நடக்குத குதிரையோட தலையப் பாரு, கால விட்டுரு. வலிக்குத முன்னங்காலு தரையில படும்போது தலையத் தூக்கும், நல்ல காலு படும்போது தாழ்த்தும். தலை சீரா ஆடினா காலு சீரா இருக்குன்னு அர்த்தம், மேல எந்தக் கலர்ல துணி சுத்தியிருந்தா என்ன. குளம்புச் சத்தத்தக் காதுல வாங்கு. நாலும் ஒரே தாளத்துல விழணும், ஒண்ணு மெதுவா ஊனினாச் சத்தம் காட்டிக் கொடுத்துரும். ஜட்கா ஓட்டினவன் இருட்டுல கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவான். அப்படியும் நொண்டுத குதிரைய டாக்டரே நிப்பாட்டிருவாரு, அதுக்குன்னே சம்பளத்துக்கு ஆளு இருக்கு. அதனால பேடக்கு வரைக்கும் வந்த கட்டு, டாக்டர் பாத்து விட்ட கட்டு. ஒனக்கு அவர விடக் கண்ணு கூர்மையோ?

கட்டப் பாத்தே ஆவணும்னு நின்னா, மாற்றத்தப் பாரு. எப்பவும் நாலு காலுக்கும் கட்டிக் கொண்டாருத பயிற்சிக்காரன் இருப்பான். அவன் லாயத்துல எல்லாக் குதிரைக்கும் கட்டு, அது அவனுக்குப் பழக்கம். அங்க கட்டு ஒரு சேதி இல்ல. கட்டவே கட்டாதவன் திடீர்னு முன்னங்கால்ல மட்டும் கட்டி, அதே சமயம் குதிரைய ஒரு படி கீழ எறக்கி, நாலு மாசம் ஓட்டாம வச்சிருந்தும் கொண்டாந்தான்னா, அப்ப மனசுல ஒரு சின்னக் கணக்குப் போட்டுக்கோ. அதுவும் கணக்குதான், கட்டளை இல்ல. சீபிஸ்கட்னு ஒரு அமெரிக்கக் குதிரை, கால் நரம்பு அறுந்து வீட்ல கிடந்துட்டு, 1940-ல ஏழு வயசுல திரும்பி வந்து சாண்டா அனிட்டா பந்தயத்த ஜெயிச்சுது. நீயும் ஒம் புத்தகமும் அன்னைக்கி அங்க இருந்திருந்தா அதுக்கு எதுராத்தான் கட்டியிருப்பிய.

நம்ம ஒட்டப்பிடாரம் பக்கம் கோயில் கொடையில குதிரை வண்டிப் பந்தயம் விடுதாம்லா, அங்க வா. அங்க எந்தக் குதிரை எந்தக் கொளத்துல குளிக்கு, போன வாரம் எது இருமிச்சு, எவன் லாடத்துக்குக் கடன் சொல்லிட்டு வந்தான்னு எல்லாம் ஊருக்கே தெரியும். குதிரைக்குக் கால்ல கட்டு இருக்காது, கண்ணு படாம இருக்கக் கறுப்புக் கயிறு இருக்கும். அதயும் ஒம் பத்திரிகையில சின்ன எழுத்துல போடுவானான்னு கேட்டுச் சொல்லு.

ஆங், திறமை திறமைன்னு நீ எதுக்கெடுத்தாலும் சுப்ரீம் கோர்ட்ட இழுக்க. 1974-ல கருணாநிதி ஆட்சியில குதிரைப் பந்தயத்த ஒழிக்கச் சட்டம் போட்டாவ. கேசு நடந்து நடந்து 1996 சனவரியில தீர்ப்பு வந்துது: இது சூதாட்டம் இல்ல, திறமைதான்னு. வாஸ்தவம். குதிரையும் ஜாக்கியும் பயிற்சிக்காரனும் வருசக்கணக்காப் பழகிச் சேத்த திறமையில ஓட்டம் முடிவாவுதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு. மைசூர் வண்டியில மேல் பெர்த்துல படுத்து ஒரு ராத்திரி படிச்சா அந்தத் திறமை ஒனக்கு வந்துரும்னு அது சொல்லல. கிண்டி மைதானத்துக்கே 2024 செப்டம்பர்ல அரசாங்கம் குத்தகைய ரத்து செஞ்சு பூட்டுப் போட்டுது, 160 ஏக்கர். 1940-கள்ல எழுதின குத்தகை, வருசத்துக்கு 614 ரூவாச் சொச்சம். ஊரே பாத்துக் கண்ணு போட்டது குதிரையோட கால இல்லலே, அந்த வாடகைய.

இப்ப மெயின் விசயத்துக்கு வாரேன். நீ துணியப் பாத்துக்கிட்டு இருக்கப்போ வேற ஒரு கையி ஒம் பையில இருக்கு. குதிரைப் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடா இருந்துது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40. நீ ஜெயிச்ச துட்டுமேலன்னு நெனச்சியா? நீ கட்டுத துட்டு முழுசுக்கும். குதிரை லாயத்த விட்டு வெளிய வாரதுக்கு முன்னயே ஒம் துட்டு நொண்ட ஆரம்பிச்சிருது. அதுக்கு எந்தக் கட்டுப் போடுவ?

அதோட இன்னொன்னு. விலைன்னு ஒண்ணு போர்டுல ஓடுதே, அது என்ன? அங்க நிக்குத அத்தன பேரும் என்ன நெனைக்கானோ அதோட கூட்டல். நீ பாத்த கட்ட அவனும் பாத்தான். அவனும் அதே புத்தகத்தப் படிச்சான். கட்டப் பாத்து எல்லாரும் ஒதுங்கினா அந்தக் குதிரைக்கு விலை ஏறும், பத்துக்கு அஞ்சு கிடைக்கது அம்பதாக் கிடைக்கும். எல்லாரும் 'கட்டப் பத்திக் கவலைப்படாத'ன்னு பாய்ஞ்சா விலை எறங்கிப் போவும். கட்டு நல்லதா கெட்டதான்னு இருக்க கேள்விக்கு அங்க எடமே இல்ல. எல்லாரும் அதுக்குக் கொடுக்குத பயம் அளவுக்கு மேலயா, கீழயான்னுதான் கேக்கணும். இத ஒனக்கு எந்த டீக்கடையிலயும் சொல்ல மாட்டான், ஏன்னா சொன்னா நீ அடுத்த டீ வாங்கிக் கொடுக்க மாட்ட.

என்ன எந்திரிக்க? ஓ, சனிக்கெழமை வண்டிக்கு டிக்கெட் போட்டாச்சா. இவ்வளவு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசினேன், மண்டையில ஒண்ணும் எறங்கல போல. சரி, போறதுதான் போற, இந்தா, இந்த நூறு ரூவாயக் கையில பிடி. ஒங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். எனக்கும் ஒண்ணு கட்டிட்டு வா.

எந்தக் குதிரையா? கட்டுப் போட்டதுமேலதாம்லே. நாலு காலுலயும் போட்டிருந்தா ரொம்ப நல்லது. ஒன்ன மாதிரிப் படிச்ச பயலுவ எல்லாம் பயந்து ஒதுங்கியிருப்பாம்லா, விலை சும்மா கிண்ணுன்னு கிடைக்கும்.